ஆம்ப்ளி சாப்பிடவில்லை

தங்கப்பாண்டி மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று தன் நாயை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பழங்காநத்தத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் போய்க் குழாய் ஒலிபெருக்கியும் ஸ்பீக்கர் பெட்டியும் கட்டுவார். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்து வளர்ந்ததால் நாய்க்கு ஆம்ப்ளி என்று பெயர் வைத்திருந்தார். செவலை நிறம். ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும்.

அவர் கடைக்கு அடுத்த கடை என் அப்பா சீதாராமனுடையது. வாட்ச் ரிப்பேர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பதினைந்து வருஷம் அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் தங்கப்பாண்டி ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். எப்படி சிநேகமானார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செட்டை விற்று விசாவுக்குப் பணம் கட்டிய பிறகு, நாயை யாரிடம் விடுவது என்று அவர் வேறு யாரையும் யோசிக்கவே இல்லையாம்.

"எல்லாம் திங்கும்ணே," என்றார் விளாங்குடியில் எங்கள் வாசலில் நின்று. "சோறு, கொழம்பு, ரொட்டி, எதப் போட்டாலும் திங்கும். இன்னைக்கு வரைக்கும் வேணாம்னு ஒரு தடவகூட மூஞ்சியத் திருப்புனதில்ல. ரெண்டு வருசம்தான். வந்து கூட்டிக்கிறேன்."

அப்பா தலையாட்டினார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் போடுறேன்ணே. வாரேன்."

நாயின் பக்கம் திரும்பாமலே ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆம்ப்ளி தெருமுனை வரை ஓடிப்போய் நின்று பார்த்துவிட்டு, தானாகவே திரும்பி வந்து எங்கள் வாசற்படிக்குக் கீழே படுத்தது. நல்ல நாய் என்று அம்மா சொன்னாள்.

அன்றிரவு அது சாப்பிடவில்லை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்றோம். மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அலுமினியத் தட்டு காலியாக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைய டைரியில் 'ஆம்ப்ளி சாப்பிட்டது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடுத்த நாளும் தட்டு காலி. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்தபோதுதான், தட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்து சாவகாசமாக மீன்குழம்புச் சோற்றை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆம்ப்ளி பக்கத்திலேயே படுத்து, பூனை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டக்கூட இல்லை.

எழுதியதை அடித்தேன். கண்ணால் பார்க்காத எதையும் நடந்தது என்று எழுதக் கூடாது என்று எங்கள் மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். பகலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் மேலமாசி வீதியில் ஒரு மாடியறையில் இதழியல் சான்றிதழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாரம் ஒரு மேடை நிகழ்ச்சியைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு எழுத வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை. எதையும் விடாமல் குறித்துக்கொள்ள வரும், அவ்வளவுதான்.

ஆகவே நாய் சாப்பிடாததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று யோசித்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தட்டை மாற்றினோம். இடத்தை மாற்றினோம். பூனையை உள்ளே பூட்டினோம். சோற்றுக்குப் பதில் ரொட்டி, ரொட்டிக்குப் பதில் வறுகடலை. பாலை மட்டும் எப்போதாவது இரண்டு நக்கு நக்கும்.

அம்மா வேறொரு காரணம் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். (இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.) தங்கப்பாண்டி வீட்டு நாய்க்கு நாம் சாப்பிடக் கூப்பிடுவது எப்படிப் புரியும் என்று கேட்டாள். அதிலிருந்து நாயிடம் தமிழில் பேச ஆரம்பித்தாள். அம்மாவின் தமிழ் காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசிப் பழகிய தமிழ்.

"என்னாங்க, சாப்பிடுறீங்களா இல்லையா? முடிவாச் சொல்லுங்க," என்று கேட்பாள்.

ஆம்ப்ளி வாலை ஆட்டும். சாப்பிடாது.

"மரியாதை கூடிப்போச்சோ?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். அப்பா சிரித்ததோடு சரி.

அடுத்தபடியாகத்தான் வீட்டை அமைதியாக்கினோம். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் செய்வது அதுதான். மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணியடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். இப்போது நாய்க்காக டி.வி.யை அணைத்தாள். ரேடியோவைத் தூக்கிப் பரணில் வைத்தாள். மிக்ஸி வேண்டாம் என்று அம்மியில் அரைத்தாள். நாங்கள் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். அப்பாவுக்கு மட்டும் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. வெளியே புளியமரத்துக் காக்கா சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு வீடு அடங்கிக் கிடந்தது.

ஆம்ப்ளிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. போன் அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. தொண்ணூற்றொன்பது. அப்பா எடுத்தார். தங்கப்பாண்டியின் குரல் இயல்பாகவே ஒலிபெருக்கி மாதிரி. தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

"அண்ணே, வந்து சேந்துட்டேன். ரூமு கெடச்சிருச்சு. ஆம்ப்ளி எப்பிடியிருக்கு? சாப்புடுதாண்ணே?"

அப்பா வாசலைப் பார்த்தார். "ம்," என்றார்.

"அது போதும்ணே. அந்த ஒண்ணுதான் மனசுல கெடந்து அரிச்சுச்சு. அது சாப்புடலேன்னா நான் அடுத்த பிளேனப் புடிச்சு வந்துருவேன், ஆமா."

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "ஏன் உண்மையைச் சொல்லவில்லை?"

"சொன்னால் வந்துவிடுவான். செட்டையும் விற்றுவிட்டான். வந்து என்ன செய்வான்?" என்றார் அப்பா. மறுபடி வாசலைப் பார்த்து, "அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையாவது சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் எப்படி அந்தப் போனை எடுப்பது?" என்றார். அப்பா இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் விஷயம் மோசம் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நான் பார்த்த நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புத் தோழி அஸ்வினிதான் எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டு போவாள். அவள் வீடும் விளாங்குடிதான், எங்களுக்கு நாலைந்து தெரு தள்ளி. திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாட்டிய நிகழ்ச்சி. நாய்க்குப் பாலைக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியதில் நேரமாகி, பாதியில் போய்ச் சேர்ந்தோம். ஒரு சிறுமி சலங்கை அவிழ்ந்தும் நிற்காமல் ஆடினாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டாவது, பழங்காநத்தத்தில் பாட்டுக் கச்சேரி. அதற்கும் நேரம் கழித்துத்தான் போனோம். கீபோர்டுக்காரருக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததால் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு அதிர்ந்தது. எதிர்ச் சாரியில் தங்கப்பாண்டியின் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பாட்டு எதுவும் என் காதில் ஏறவில்லை.

"மூஞ்சிய ஏண்டி இப்பிடி வச்சிருக்க?" என்றாள் அஸ்வினி. "எழவு வீட்டுக்கா வந்திருக்கோம்?"

"நாய் செத்துரும் போல இருக்கு."

"நாய்க்கு ஒண்ணும் ஆவாது. எங்க வீட்ல ஒரு நாயி பத்து நா சாப்புடாமக் கெடந்து எந்திரிச்சுச்சு."

"நிஜமாவா?"

"இல்ல. சும்மா சொன்னேன்."

நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களிலும் ஆசிரியர் சிவப்பு மையில் 'தொடக்கம் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார். மேடை கட்டும்போதே போய் நின்று பார்த்தால்தான் எழுத வரும் என்றார். நியாயம்தான்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, அப்பாவும் நானும் ஆம்ப்ளியை ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைப் பிளந்து பார்த்தார், ஊசி ஒன்று போட்டார்.

"நோய் ஒண்ணும் இல்ல சார். ஏக்கமா இருக்கலாம். ரெண்டு மூணு நாள் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா டிரிப் ஏத்தணும். அது எத்தனை நாளைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடிகாரத்தின் பெண்டுலத்தைக்கூட நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் பரமக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. நெருங்கிய சொந்தம், தட்ட முடியாது. அம்மா எனக்கு எலுமிச்சை சாதம் கட்டி வைத்துவிட்டு, நாயைத் தனியாக விடாதே என்று சொல்லிப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம்தான் திண்டுக்கல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் இளைஞர் மன்ற ஆண்டு விழா. பட்டிமன்றம். இந்தத் தடவையாவது தொடக்கத்திலிருந்து பார்த்து எழுதாவிட்டால் என்னை வகுப்பில் வைத்திருப்பதே வீண் என்று எனக்குத் தோன்றியிருந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று அஸ்வினியிடம் சொன்னேன்.

"நாயையும் கூட்டிட்டு வா. டிக்கெட்டா கேக்கப் போறாங்க?" என்றாள்.

"அங்க ஒரே சத்தமா இருக்குமே. இன்னும் மோசமாயிட்டா?"

"இப்ப மட்டும் என்ன நல்லாவா இருக்கு?"

அம்மா கட்டிய எலுமிச்சை சாதத்தைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டேன். ஆம்ப்ளியின் கழுத்தில் துணிக்கயிற்றைக் கட்டி மெதுவாக நடத்திக் கூட்டிப்போனோம். ரோட்டைக் கடக்கும்போது நான் தூக்கிக்கொண்டேன். எடையே இல்லை. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை கேட்டிருப்பேன். அஸ்வினி மூன்று தடவையும் கேட்காத மாதிரி நடந்தாள்.

மைதானத்தில் அப்போதுதான் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜமக்காளம் விரித்திருந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆம்ப்ளியை ஜமக்காளத்தின் ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு, நான் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். மேடைக்கு மூன்று படி. துணி நீலம். மன்றத் தலைவர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மைக் செட்காரர், எனக்குத் தெரியாத யாரோ ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயரை இழுத்துப் போனார். பிறகு மேடையேறி மைக்கை விரலால் தட்டினார்.

டொக். டொக்.

வாயைக் கிட்டே வைத்து ஊதினார். மைதானம் முழுக்கப் புயல் மாதிரி அந்த ஊதல் போய் வந்தது.

"ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்… ஒன், டூ, த்ரீ… ஹலோ."

கயிறு என் கையிலிருந்து நழுவியதை உணர்ந்து திரும்பினேன். ஆம்ப்ளி எழுந்து நின்றிருந்தது. மடங்கிய காது பாதி நிமிர்ந்திருந்தது. யாரையும் பார்க்காமல், வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நேராக நடந்து, மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பெட்டிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இல்லை, என்னை இல்லை. என் கையிலிருந்த தூக்குச் சட்டியை.

"ஏடி," என்றாள் அஸ்வினி மெதுவாக.

நான் போய்ச் சட்டியைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் ஒரு கை எடுத்து அதன் முன்னால் காகிதத்தில் வைத்தேன். ஆம்ப்ளி ஒரு தடவை முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டது. இன்னொரு கை வைத்தேன். அதையும் சாப்பிட்டது. கடலைப்பருப்பைக்கூடத் துப்பவில்லை. சட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டேன்.

"ராத்திரிக்கு என்னடி சாப்புடுவ?"

"சாப்பிடல."

"சரி, இப்ப நீ ஆரம்பிச்சுட்டியா?" என்று சொல்லிவிட்டு, நான் அழுவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா என்று அன்று பேசினார்கள். யார் ஜெயித்தார்கள் என்று என் குறிப்பில் இல்லை. அத்தனை கைதட்டலுக்கும் நடுவில், அலறுகிற பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, ஆம்ப்ளி நான்கு காலையும் நீட்டித் தூங்கியது. எங்கள் வீட்டில் அது அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையிலிருந்து வைத்த சோறு அப்படியே இருந்தது. ஒருவேளை எலுமிச்சை சாதம்தான் காரணமோ? அம்மா உடனே எலுமிச்சை சாதம் கிளறினாள். தொடவில்லை. சத்தமோ? பரணிலிருந்து ரேடியோவை இறக்கி முழுச் சத்தத்தில் வைத்தேன். ஆம்ப்ளி ரேடியோவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"நேற்றுப் பசி தாங்காமல் தின்றிருக்கும்," என்றாள் அம்மா. "நீயாக ஏதோ காரணம் கட்டுகிறாய்."

இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

வாட்ச் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "கடையில் இது சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை," என்றார். "பகல் முழுக்கச் சும்மா படுத்திருக்கும். சாயங்காலம் செட்டோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்."

"போகிற இடத்தில் எப்போது சோறு போடுவார்?" என்று கேட்டேன்.

"செட்டைக் கட்டி, டெஸ்ட் பண்ணி முடிந்தால்தான் விசேஷ வீட்டில் இவனுக்கு இலை போடுவார்கள். அதற்கு முன்னால் போட மாட்டார்கள்."

நாங்கள் மூவரும் ஆம்ப்ளியைப் பார்த்தோம். குட்டியிலிருந்து மைக் டெஸ்ட் முடிந்த பிறகுதான் அதற்குச் சோறு. இங்கே யாருமே டெஸ்ட் பண்ணவில்லை. இதைத் தங்கப்பாண்டியே யோசித்திருக்க மாட்டார். எதைப் போட்டாலும் திங்கும் என்றுதானே சொன்னார்? அவர் போட்ட நேரத்தில் தின்றது.

நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஹலோ, மைக் டெஸ்ட்," என்றேன். ஆம்ப்ளி கண்ணைத் திறந்தது. திரும்ப மூடியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்பா எழுந்தார். சமையலறைக்குப் போய்ப் பித்தளைக் குடத்தைக் காலி பண்ணிக் கொண்டுவந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் அதன் கழுத்தில் தட்டினார். டொக். டொக். குடத்துக்குள் ஊதினார். பிறகு, "ஹலோ," என்றார்.

"யாருக்குக் கேட்கும் இது?" என்றாள் அம்மா. "இன்னும் சத்தமாக."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருக்கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். திறந்துதான் இருந்தது.

"ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்… ஒன், டூ… ஹலோ, ஹலோ… சவுண்டு வருதாப்பா?"

அது அப்பாவின் குரல் இல்லை. இழுப்பு, நிறுத்தம், கடைசிக் கேள்வியின் தூக்கல் எல்லாம் தங்கப்பாண்டி. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பதினைந்து வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை போலிருக்கிறது. குடம் கணகணவென்று அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஆம்ப்ளி எழுந்தது. உடம்பை நீட்டி முறித்தது. நடந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வினாடி அப்பாவைப் பார்த்தது. அப்புறம் தலை குனிந்து சாப்பிட ஆரம்பித்தது. தட்டு தரையில் நகர்ந்து சுவரில் முட்டும் வரை சாப்பிட்டது. நான் இந்தத் தடவை முழுவதையும் கண்ணால் பார்த்தேன்.

அம்மா போய் டி.வி.யைப் போட்டாள். என்ன நிகழ்ச்சி என்றுகூடப் பார்க்கவில்லை. போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தபோது அப்பா ஓடிப்போய் எடுத்தார்.

"அண்ணே, சாப்புடுதா?"

"சாப்பிட்டுச்சு தம்பி," என்றார் அப்பா. "இப்பத்தான் சாப்பிட்டுச்சு. போன வாரம் நான் சொன்னது பொய். ஒரு பருக்கை தொடலை. இப்ப நல்லாச் சாப்பிட்டுச்சு." பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பூனை தின்றது, அம்மா தமிழ் பேசியது, டாக்டர், பட்டிமன்றம், குடம்.

"குடத்துலயாண்ணே?" என்றது தங்கப்பாண்டியின் குரல். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "கூறுகெட்டவன், எனக்கே தெரியலையேண்ணே. அண்ணே, அத இங்கிட்டுக் கூப்புடுங்க. கொஞ்சம் ரிசீவர அதுகிட்ட வைங்க."

ஆம்ப்ளியைத் தூக்கி அதன் நிமிர்ந்த காதில் அப்பா ரிசீவரை வைத்தார். மலேசியாவில் ஏதோ ஒரு பூத்தில் நின்றுகொண்டு தங்கப்பாண்டி விரலால் தட்டினார். டொக். டொக். ஊதினார்.

"ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்… ஆம்ப்ளி… ஹலோ…"

ஆம்ப்ளி அப்பாவின் கையிலிருந்து துள்ளி இறங்கியது. வால் சுழலச் சுழல ஓடிப்போய், காலியாகிக் கிடந்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது.

"இப்பத்தானே சாப்பிட்டீங்க," என்றாள் அம்மா தமிழில்.

அது அசையவில்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது. இலை போட வேண்டியது எங்கள் பொறுப்பு. அம்மா எழுந்து போய் மறுபடியும் சோறு பிசைந்தாள்.